மாசி மகம் வரைக்கும் மடியில்

செங்கல்பட்டு
14.11.2024

ரஞ்சிதாவுக்கு,

நீ என் நம்பரை பிளாக் செய்து நாலு நாள் ஆகிறது. தம்பி தணிகைவேலின் போனுக்குக் கூப்பிட்டால் ஒன்று கடலில் இருக்கிறான், இல்லையென்றால் தூங்குகிறான். அவனிடம் ஒரு சேதி சொல்லி அனுப்பினால் பாதி வழியிலேயே தண்ணீரில் போட்டுவிடுகிறான். உனக்குப் புருஷன் ஆவதற்கு முன்னாலேயே அவன் அப்படித்தான். அதனால் இந்தக் காகிதம். குப்பத்திலிருந்து தினமும் இங்கே மீன் கொண்டுவரும் சாந்தா அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். கிழிப்பதாக இருந்தால் பெரிய துண்டுகளாகக் கிழி. மனசு மாறினால் ஒட்டிப் படிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பொன்னியின் காதுகுத்தில் நான் செய்தது தப்பு. நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தலில், உன் மடியிலிருந்து குழந்தையைப் பிடுங்கிப் பாயில் குப்புறப் போட்டேன். "ஒம்போது மாசம் முடிஞ்சும் கொயந்த தானா குந்தல, பொரளல. பெத்தவளுக்குக் கண்ணு தெரியல?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன். மன்னித்துக்கொள்.

ஆனால் நான் பார்த்ததைப் பார்த்தேன். குப்புறப் போட்டதும் பொன்னி ஒரு நொடி தலையைத் தூக்கினாள், உடனே மூக்கு பாயில் இடித்தது. கையை ஊன்றவே இல்லை. இரண்டு கையையும் நெஞ்சுக்குக் கீழே மாட்டிக்கொண்டு அழுதாள். இந்த வயதில் குழந்தை கையை ஊன்றி எழும்ப வேண்டும், பிடிக்காமல் உட்கார வேண்டும். நான் ஆறு வருஷமாகக் குழந்தைகளுக்கான தெரபி சென்டரில் வேலை பார்க்கிறேன். தெரபிஸ்ட் இல்லை, உதவியாள்தான். பாய் விரிப்பேன், பொம்மை கழுவுவேன், தெரபிஸ்ட் ஜெசிந்தா மேடம் சொல்கிறபோது குழந்தையைப் பிடித்துக்கொள்வேன். இருந்தாலும் கண் கொஞ்சம் பழகியிருக்கிறது.

ஒரு தடவை அவளைக் கூட்டிக்கொண்டு வா. கோபத்தை என்மேல் வை, அவள்மேல் வைக்காதே.

பிரதீபா


குப்பம்
18.11.2024

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. சாந்தா அக்கா எதிரிலேயே நின்றுகொண்டிருந்ததால் கிழிக்க முடியவில்லை. நாலு வரியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு மீதிப் பக்கம் முழுக்க என்னைத் திட்டியிருக்கிறீர்கள்.

உங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆனாலும் அன்றைக்குத் தெரியாதவர்போல் நடந்துகொண்டதால் எழுதுகிறேன். பொன்னிக்கு முன்னால் எனக்கு இரண்டு தங்கவில்லை. இரண்டும் ஆறாம் மாதம். இவள் வயிற்றில் இருக்கும்போது கங்கையம்மன் எதிரில் நின்று சொன்னேன், இந்தப் பிள்ளையை உயிரோடு கொடு, வயது ஒன்று முடிகிற வரை தரையில் விடமாட்டேன், பிறகு உன் காலடியில்தான் முதலில் இறக்குவேன் என்று. ஒன்பது மாதமும் அப்படித்தான் வளர்ந்தாள். மடி, இடுப்பு, தோள், தூளி. நான் குளிக்கப் போனால் பக்கத்து வீட்டு சிநேகா வைத்திருப்பாள், அவள் சோறு வடிக்கப் போனால் இன்னொருத்தி. குப்பத்தில் ஒருவர்கூட அவளைக் கீழே விடவில்லை. நீங்கள்தான் விட்டீர்கள்.

அன்றைக்கு ராத்திரியே அவளுக்குக் காய்ச்சல். பூசாரியிடம் ஓடினேன். "பாயி தரதாம்மா. வுட்டது வுட்டதுதான். வயசு முடிஞ்சும் மாசி மகம் வரிக்கும் மடிலயே வெச்சிக்க, அம்மன் கடலுக்கு வர்ற அன்னிக்கு எறக்கு" என்றார். உங்கள் அரை நிமிஷத்தால் வேண்டுதல் ஒரு மாதம் கூடிப்போனது.

பந்தலில் நான் பதிலுக்குச் சொன்னதை நீங்கள் உங்கள் கடிதத்தில் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். ஒரு பிள்ளை பெற்றிருந்தால் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒன்பது மாதத்தில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது நிஜமா? சிநேகாவின் பையன் ஏழிலேயே உட்கார்ந்தான். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்று ஏதாவது வித்தியாசம் உண்டா? எழுதினால் போதும். நேரில் வர வேண்டாம்.

ரஞ்சிதா


செங்கல்பட்டு
21.11.2024

ரஞ்சிதாவுக்கு,

அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்கக் கூடாது என்று மடித்து வைத்துவிட்டேன். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

ஆண் பெண் வித்தியாசம் எதுவும் இல்லை. ஒன்றிரண்டு மாதம் முன்னே பின்னே ஆகலாம். ஆனால் ஒன்பது முடிந்தும் புரளாமல், கை ஊன்றாமல், பிடிக்காமல் உட்காராமல் இருந்தால் டாக்டரிடம் காட்டித்தான் ஆக வேண்டும்.

உன் வேண்டுதலை ஜெசிந்தா மேடத்திடம் சொன்னேன். அவர் சர்ச்சுக்குப் போகிறவர், இதையெல்லாம் கேட்டால் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "தரதான கூடாது? அம்மா மேல குப்புறப் படுக்கக்கூடாதுன்னு சாமி சொல்லலியே?" என்றார். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. இந்த யோசனை எனக்கு வரவில்லை, எனக்குப் பிடுங்கத்தான் தெரிந்தது.

நீ சுவரில் சாய்ந்து, முக்கால்வாசி படுத்த மாதிரி உட்கார். பொன்னியை உன் நெஞ்சின்மேல் குப்புறப் படுக்கவை. அவள் முகம் உன் முகத்துக்கு நேராக இருக்கட்டும். பேசு, பாடு, கோணல் மூஞ்சி காட்டு. உன்னைப் பார்க்க அவள் தலையைத் தூக்குவாள், அதுதான் அவளுக்கு வேலை. முதலில் ஒரு நிமிஷம் போதும். நாளுக்கு ஐந்தாறு தடவை. பால் குடித்த உடனே வேண்டாம், கக்கிவிடுவாள். அழுதால் தூக்கிவிடு, வீம்பு பிடிக்காதே. பழகிய பிறகு உன் இரண்டு தொடைக்கும் குறுக்கே குப்புறப் போட்டு, எதிரில் ஒரு கிண்ணத்தையோ கரண்டியையோ ஆட்டு. கையை நீட்ட வேண்டும், அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. எந்நேரமும் யாராவது இறுக்கி இடுப்பில் வைத்திருந்தால் அவளுடைய முதுகுக்கு வேலையே இல்லை. உட்காருவதை அவளுக்குப் பதிலாக உங்கள் இடுப்பு செய்துவிடுகிறது. தூக்கும்போது கொஞ்சம் தளர்த்திப் பிடி, வெளியே பார்க்கிற மாதிரி பிடி.

வேண்டுதலை நான் இனிமேல் தொடமாட்டேன். அம்மன் மேல் சத்தியம் செய்ய எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை, அதனால் வெறுமனே சொல்கிறேன்.

பிரதீபா


குப்பம்
06.12.2024

அண்ணிக்கு,

புயலில் நாங்கள் தப்பித்தோம். ஓட்டில் நாலைந்து பறந்தது. அவர் படகை முன்னாலேயே இழுத்துவந்து வீட்டுப் பக்கத்தில் கட்டைமேல் ஏற்றிவிட்டார், ஆனாலும் பக்கவாட்டில் விரிசல் விட்டிருக்கிறது. ஒட்டி முடித்துக் கடலுக்குப் போக மூன்று வாரம் ஆகுமாம். உங்கள் தம்பி வீட்டிலேயே இருக்கிறார், எனக்குத்தான் கஷ்டம்.

நீங்கள் எழுதினபடி செய்தேன். உங்களுக்காக இல்லை. முதல் நாள் என் நெஞ்சில் படுக்க வைத்ததும் அரை நிமிஷத்தில் கத்தினாள். நாலாம் நாள் என் மூக்குத்தியைப் பார்த்துவிட்டாள். அதற்காகத் தலையைத் தூக்கினாள், இறக்கினாள், மறுபடியும் தூக்கினாள். பத்தாம் நாள் மூக்குத்தியோடு என் மூக்கையும் பிடித்து இழுத்தாள். வலியில் கண்ணீர் வந்தது, ஆனால் தட்டிவிட மனசு வரவில்லை.

உங்கள் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "மேலயே போட்டுகினா உனுக்கும் இடுப்பு பூடும், அவளுக்கும் எடம் பத்தாது. போட்ல போட்டா இன்னா?" என்றார். படகு கட்டைமேல் நிற்கிறது, அடியில் இடைவெளி இருக்கிறது. எனக்குப் பயம். இரண்டாம் தடவை தப்பு நடந்தால் தாங்கமாட்டேன். பூசாரியைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் குனிந்து அடியில் பார்த்தார், சுற்றிவந்தார், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "போட்டு எப்பிடிம்மா தரையாவும்? அது தண்ணிக்கில்ல சொந்தம்" என்றார்.

அன்றிலிருந்து படகில்தான் இருக்கிறோம். மேலே தார்ப்பாய், உள்ளே இரண்டு கெட்டிப் போர்வை. வலையில் கட்டுகிற நீள மிதவை ஒன்றைக் கழுவி, துண்டு சுற்றி, அவள் நெஞ்சுக்கு அடியில் கொடுக்கிறேன். அதன்மேல் கவிழ்ந்துகொண்டு இரண்டு கையையும் முன்னால் தொங்கப் போடுகிறாள். ஒரு கை போர்வையில் ஊன்றுகிறது. தினமும் சாயங்காலம் ஏழெட்டுப் பேர் படகைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அது அவளுக்கும் பிடிக்கிறது.

இதற்குக் கீழே எழுதுவதை யாருக்கும் சொல்ல வேண்டாம். உட்கார வைத்தால் எப்போதும் ஒரே பக்கம்தான் சாய்கிறாள். மூளையில் ஏதாவது இருக்குமா? இந்த வார்த்தையை எழுதிவிட்டு அதன்மேல் கையை வைத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெற்றவளுக்குக் கண் தெரியவில்லை என்று கேட்டீர்களே. தெரிந்தது, அண்ணி. ஐந்தாம் மாதத்திலிருந்தே தெரிந்தது. பார்க்கப் பயமாக இருந்தது.

ரஞ்சிதா


செங்கல்பட்டு
09.12.2024

ரஞ்சி,

மூளையில் இருக்கிறதா இல்லையா என்று நான் சொல்ல முடியாது. சொன்னால் அதைவிடப் பெரிய தப்பு இருக்காது. டாக்டர்தான் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் சென்டருக்குக் குழந்தை டாக்டர் வருகிறார். வருகிற பதினேழாம் தேதி உன் பெயருக்கு எழுதி வைத்திருக்கிறேன், காலை பத்து மணிக்கு.

தரையில் விடுவார்களோ என்று பயப்படாதே. மேஜைமேல் வைத்துத்தான் பார்ப்பார்கள். மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

நான் இருப்பேனோ என்றும் பயப்படாதே. அன்றைக்கு லீவு போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் பாலசுப்ரமணியனோடு மதுராந்தகத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம். நீ என் முகத்தைப் பார்க்காமலே காட்டிவிட்டுப் போகலாம்.

அதுவரை படகில் இன்னும் ஒன்று செய். நீ காலை அகட்டி உட்கார்ந்து, அவளை நடுவில் உட்கார வை. முன்னால் ஒரு சின்ன அண்டாவைக் கவிழ்த்துப் போடு. இரண்டு கையையும் அதன்மேல் வைத்துத் தட்டட்டும். சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பொம்மையை வை. நீ பிடிக்காதே, விழுந்தால் உன் கால் தாங்கும்.

ஐந்தாம் மாதத்திலிருந்தே தெரியும் என்று எழுதியிருந்தாயே. பந்தலில் அப்படிக் கேட்டதற்காக என் நாக்கை என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்தத் தடவை "ஆனால்" என்று எதுவும் எழுதவில்லை, பார்த்துக்கொள்.

பிரதீபா


குப்பம்
28.12.2024

அண்ணிக்கு,

போய் வந்து பத்து நாளாகிறது. எழுத உட்கார்ந்தால் அழுகை வந்துவிடுகிறது, அதனால் தாமதம். சந்தோஷ அழுகைதான். உங்கள் தம்பி சொல்லியிருப்பார், ஆனால் அவர் சொன்னதை நம்பாதீர்கள், பாதியை விட்டிருப்பார்.

டாக்டர் கண் பார்த்தார், காது பார்த்தார், முட்டியில் தட்டினார், குப்புறப் போட்டார், தூக்கிப் பிடித்தார். முக்கால் மணி நேரம். "பயப்படுற மாதிரி எதுவும் தெரியலம்மா. தசை கொஞ்சம் தளர்வா இருக்கு, ரத்தம் கம்மியா இருக்கு. மத்தபடி கொழந்தைக்குப் பழக வாய்ப்பே கெடைக்கல, அவ்ளோதான்" என்றார். சொட்டு மருந்து கொடுத்தார். மூன்று மாதம் கழித்து மறுபடியும் காட்டச் சொன்னார். நான் அவ்ளோதானா, அவ்ளோதானா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் மூன்று தடவை சொன்னார், பிறகு சிரித்துவிட்டார். திரும்பும்போது திருக்கழுக்குன்றம் வரைக்கும் பஸ்ஸில் அழுதேன். கண்டக்டர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

ஜெசிந்தா மேடம் நீங்கள் எழுதின வழிமுறை எல்லாம் சரி என்றார். படகைப் பற்றிச் சொன்னதும் போட்டோ கேட்டார். அந்த மேஜைக்கு மேலே சுவரில் பெரிய தாள் ஒட்டியிருந்தது. "பொன்னி வருகிறாள். தரையில் விடக் கூடாது. யாரும் மறக்க வேண்டாம்" என்று சிவப்பில், உங்கள் கையெழுத்தில். துடைக்க வந்த அம்மாகூட அதைப் படித்துவிட்டு என் குழந்தைக்கு வழிவிட்டு நின்றாள்.

நான் எழுதின அந்த வரியைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றேன். வாங்கிக்கொள்கிறேன். அந்தக் கடிதத்தைச் சாந்தா அக்காவிடம் கொடுத்துவிடுங்கள், நானே அடுப்பில் போடுகிறேன். என்னை மன்னியுங்கள்.

ரஞ்சிதா


செங்கல்பட்டு
05.01.2025

ரஞ்சி,

அந்தக் கடிதத்தை நானே கிழித்துவிட்டேன், ஒட்ட முடியாதபடி பொடிப்பொடியாக. அதனால் அந்தக் கணக்கு முடிந்தது.

என் பக்கம் ஒன்று பாக்கி இருக்கிறது. மனசில் வைத்துக்கொண்டே உனக்கு வழிமுறை எழுதிக்கொண்டிருப்பது பொய்யாகப் படுகிறது. அன்றைக்குப் பந்தலில் நான் பொன்னியைப் பிடுங்கினது அவள் முதுகைப் பார்த்து மட்டும் இல்லை.

எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பொன்னி பிறந்ததிலிருந்து அந்தக் குப்பத்தில் அவளைத் தூக்காத இடுப்பு கிடையாது. ஐஸ் வண்டிக்காரன் லோகுகூடத் தூக்கியிருக்கிறான். நான் மாதம் ஒரு தடவை ஆசையாக வருவேன். அப்போதெல்லாம் அவள் தூங்குகிறாள், இல்லையென்றால் பால் குடிக்கிறாள், இல்லையென்றால் இப்போதுதான் எண்ணெய் தேய்த்திருக்கிறது. ஒன்பது மாதத்தில் ஒரு தடவைகூட நீ அவளை என் கையில் கொடுக்கவில்லை. பிள்ளை இல்லாதவள் கண் படும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் தம்பி பிள்ளை, நான் அத்தை. காதுகுத்தில் அவள் கைமாறிக் கைமாறிப் போவதைப் பார்த்தேன், எனக்குப் பக்கத்தில் வந்ததும் நீ வாங்கிக்கொண்டாய். அந்த ஆத்திரத்தில்தான் பிடுங்கினேன். அக்கறை அப்புறம்தான் வந்தது.

சொல்லிவிட்டேன். இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

பிரதீபா


குப்பம்
20.02.2025

அண்ணிக்கு,

பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. என்ன எழுதினாலும் சமாளிப்பதுபோல் இருந்தது. நீங்கள் நினைத்தது சரிதான். யாரோ சொன்னார்கள், நான் கேட்டேன். யார் என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் கேட்டது நான்தான். நீங்கள் வரும் சேதி தெரிந்தால் அவளைத் தூளியில் போட்டு ஆட்ட ஆரம்பித்துவிடுவேன். தூக்கம் வராமல் முழித்துக்கொண்டு கிடப்பாள் பாவம்.

பொன்னி உட்காருகிறாள். ஜனவரி கடைசியில், படகில், யாரும் பிடிக்காமல். முதலில் ஒரு நிமிஷம், இப்போது அரை மணி. படகு கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டது, அதனால் கரைக்கு வந்ததும் கழுவி, காய வைத்து, அவளை ஏற்றிவிடுகிறோம். கையை ஊன்றிச் சுற்றித் திரும்புகிறாள். கிண்ணத்தில் போட்ட பொரியை ஒவ்வொன்றாக எடுக்கிறாள். ஒரு வயதும் முடிந்துவிட்டது.

மார்ச் பன்னிரண்டு, புதன்கிழமை மாசி மகம். அம்மன் கடலுக்கு வருகிற அன்றைக்குப் பொன்னியை மணலில் இறக்க வேண்டும். இறக்குவேன் என்றுதான் வேண்டிக்கொண்டேன், என் கையால்தான் என்று சொல்லவில்லை. பூசாரியிடம் கேட்டுவிட்டேன். அத்தை இறக்கலாம் என்றார்.

எல்லோர் எதிரிலும் அவளை உங்கள் கையில் கொடுக்கப்போகிறேன். வாருங்கள்.

ரஞ்சிதா


செங்கல்பட்டு
14.03.2025

ரஞ்சி,

சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன் என்று கோபப்படாதே.

நீ கொடுத்தாய். நான் வாங்கினேன். அவள் என் கன்னத்தைத் தட்டினாள். அந்த ஒரு நிமிஷத்துக்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பிறகு மணலில் இறக்கினேன். பாதம் பட்டதும் இரண்டு காலையும் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு அலறினாளே, மூச்சு நின்று முகம் நீலமாகிவிட்டதே. மறுபடியும் நாற்பது பேர் எதிரில், மறுபடியும் என் கையால்.

கூட்டத்தில் யாரோ "கைராசி அப்பிடி" என்றது என் காதிலும் விழுந்தது. நீ திரும்பி, "எங்க அண்ணி கையப் பத்தி இன்னொரு வார்த்த வந்துது, அம்மன் எதிர்லயே கேப்பேன் பாத்துக்க" என்றதும் விழுந்தது. எனக்காக யாரும் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபிறகு தலையில் அடித்துக்கொண்டேன். ராசியும் இல்லை, தோஷமும் இல்லை. பதின்மூன்று மாதம் துணியும் தோலும் தவிர எதுவும் படாத பாதம் அது. திடீரென்று நறநறவென்று வெயிலில் சுட்ட மணல் பட்டால் எப்படி இருக்கும்? சென்டரில் புல் ஆகாத குழந்தை, மாவு ஆகாத குழந்தை என்று தினமும் பார்க்கிறேன். கடற்கரைப் பிள்ளைக்கு மணல் ஆகாமல் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சந்தோஷத்தில் மறந்துவிட்டேன்.

சாந்தா அக்கா இன்று காலை சொன்னாள், இடுப்பளவு குழி தோண்டி அவளை மணலில் நிற்க வைத்தால் பயம் தெளியும், காலும் பலப்படும் என்று அங்கே பேசிக்கொள்கிறார்களாம். ரஞ்சி, கையெடுத்துக் கும்பிடுகிறேன், செய்யாதே. வலுக்கட்டாயமாகப் புதைத்தால் பயம் உள்ளேயே தங்கிவிடும்.

வீட்டிலிருந்து ஆரம்பி. ஒரு தட்டில் அரிசி கொட்டி, உன் மடியில் உட்கார வைத்துக்கொள். உன் கை அரிசியில், அவள் கை உன் கைமேல். அவளாக விரலை நீட்டட்டும். அரிசி பழகினால் ரவை. ரவை பழகினால் சலித்துக் கழுவிய மணல், ஒரு பிடி. சாயங்காலம் சூடு ஆறினபிறகு கரையில் நீ காலை நீட்டி உட்கார், அவளை உன் கால்மேல் உட்கார வை. அவள் பாதம் உன் பாதத்தின்மேல் இருக்கட்டும். இறங்குவதா வேண்டாமா என்று அவள் முடிவு செய்யட்டும். வாயில் போடுவாள், பார்த்துக்கொள். ஒரு வாரமோ ஒரு மாதமோ ஆகட்டும், அவசரம் எனக்கு மட்டும்தான் இருந்தது, அது எங்கே கொண்டுவிட்டது என்று பார்த்தோமே.

பிரதீபா


குப்பம்
20.04.2025

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது குழி தோண்டியாகிவிட்டது. உங்கள் தம்பிதான் தோண்டினார், அவருக்குச் சொன்ன வேலையில் ஒழுங்காகச் செய்த முதல் வேலை. நான் கடிதத்தைப் படித்துவிட்டுக் குழியை மூடச் சொன்னேன். "ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் படற பேஜாரு" என்று சொல்லிக்கொண்டே மூடினார்.

அரிசிக்கு ஐந்து நாள். ரவையை இரண்டு நாளில் வீடு முழுக்க இறைத்துவிட்டாள். மணலுக்குத்தான் நாளானது. என் காலில் உட்கார்ந்துகொண்டு பத்து நாள் மணலை முறைத்துப் பார்த்தாள். பதினொன்றாம் நாள் ஒரு விரல் வைத்தாள், எடுத்து அதைப் பார்த்தாள், என் புடவையில் துடைத்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒருநாள் நண்டு ஒன்று வளையிலிருந்து வந்து ஓடியது. அதைப் பிடிக்க என் காலிலிருந்து வழுக்கி இறங்கிவிட்டாள். இறங்கினது அவளுக்கே தெரியவில்லை. நண்டு போனபிறகுதான் சுற்றிப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று கையை நீட்டினேன். அழவில்லை. ஒரு பிடி மணலை அள்ளி என் மடியில் போட்டாள்.

மூன்று மாதம் கழித்துக் காட்டச் சொன்னார்களே, கொஞ்சம் தள்ளிப்போய் போன வாரம் காட்டிவிட்டு வந்தோம். நீங்கள்தான் பக்கத்தில் இருந்தீர்களே, நான் எழுத என்ன இருக்கிறது. அடுத்து ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று டாக்டர் சொன்னபோது என் கையை நீங்கள் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது.

உங்கள் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்து ஒரு மாதம் ஆகிறது. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் மூன்றாவது வார்த்தையில் குரலை உயர்த்துகிறவர்கள். எழுதும்போது என்னவோ மனுஷியாக இருக்கிறோம். அதனால் போனில் மீன் வேண்டுமா, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டுக்கொள்வோம். மற்றதை எழுதுவோம்.

பொன்னி தவழ ஆரம்பித்து எட்டு நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் பின்பக்கமாகவே போய் அலமாரிக்கு அடியில் மாட்டிக்கொண்டாள். இப்போது நேராகப் போகிறாள். அண்ணி, ஒரு வருஷத்துக்கு மேல் என் கையில் ஒருத்தி இருந்துகொண்டே இருந்தாள். இப்போது இரண்டு கையும் சும்மா கிடக்கிறது. முதல் நாள் அதற்காகவே அழுதேன். இரண்டாம் நாள் துணி துவைத்தேன். சித்திரா பௌர்ணமிக்கு நீங்கள் வரும்போது

நிறுத்துகிறேன். வாசலைத் தாண்டிவிட்டாள்.

மறுபடியும் எழுதுகிறேன், பயப்பட வேண்டாம். வலை காயப் போடுகிற இடம் வரைக்கும் போயிருந்தாள். வழியில் சிநேகா இருந்தாள், பூசாரி இருந்தார், வலை தைக்கிறவர்கள் நாலு பேர் இருந்தார்கள். எல்லோரும் ஒரு வருஷமாக அவளைத் தூக்கியவர்கள். ஒருவரும் தூக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்று, அவள் போவதற்கு வழி விட்டிருந்தார்கள். நானும் தூக்கவில்லை, அண்ணி. பின்னாலேயே நடந்தேன்.

ரஞ்சிதா